மாரடைப்பில் செத்த தசை திரும்ப வளருமா? செல் சிகிச்சையும் மரபணு சிகிச்சையும்: ஓர் எளிய விளக்கம்

"ஸ்டெம் செல் ஊசி போட்டால் பழுதான இதயம் புதிதாக வளர்ந்துவிடும்" என்ற செய்தி வாட்ஸாப்பில் அடிக்கடி சுற்றுகிறது. "அதெல்லாம் ஏமாற்று வேலை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. மாரடைப்பு வந்து பிழைத்த அப்பாவுக்கு "பம்பிங் 30 சதவீதம்தான்" என்று டாக்டர் சொல்லியிருக்கும் வீட்டில் இந்த இரண்டு பேச்சுமே யாருக்கும் உதவாது. ஒன்று இல்லாத நம்பிக்கையைக் கொடுக்கிறது. மற்றொன்று, உண்மையாகவே நடந்துகொண்டிருக்கும் பெரிய முயற்சியைக் கண்ணில் படாமல் ஆக்கிவிடுகிறது.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் ஒன்றுதான். 'இதயத்தைச் சரிசெய்வது' என்று சொல்லி மூன்று தனித்தனி வேலைகளை ஒன்றாகப் பேசுகிறோம். புதுத் தசையைக் கொண்டுபோய் வைப்பது ஒரு வேலை. இதயத்துக்குள் இருப்பதையே புதுத் தசையாக மாற்றவோ பெருக்கவோ வைப்பது இன்னொரு வேலை. மிச்சமிருக்கும் தசைக்குத் தெம்பூட்டுவது மூன்றாவது. இதுவரை மனிதர்களுக்குச் செய்து பார்த்ததில் மிகப் பெரும்பகுதி இந்த மூன்றாவது வேலை. ஆனால் செய்தியில் அது முதல் வேலையாக வருகிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

## மாரடைப்பில் போவது எது?

திருவாரூர் ஆழித்தேரை வடம் பிடித்து இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வடத்தில் கை வைத்திருக்கிறார்கள். "ஆரூரா, தியாகேசா" என்ற முழக்கம் எழும்போது எல்லாரும் ஒரே நொடியில் இழுக்கிறார்கள், தேர் நகர்கிறது. ஆள் எத்தனை பேர் என்பது மட்டும் முக்கியமில்லை, ஒரே நேரத்தில் இழுப்பதும் முக்கியம். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது.

இதயமும் இப்படித்தான் வேலை செய்கிறது. இழுக்கும் ஆட்கள்தான் இதயத்தசை செல்கள். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுகிற இடது கீழறையில் மட்டும் இவை 200 கோடியிலிருந்து 400 கோடி வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. முழக்கத்தின் இடத்தில் மின் சமிக்ஞை. இதயத்தின் மேற்பகுதியில் பிறக்கும் இந்த மின்சாரம் ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குத் தாவித் தாவிப் போகிறது. அது தொட்ட நொடியில் செல் சுருங்குகிறது. எல்லாம் சேர்ந்து சுருங்குவதுதான் ஒரு துடிப்பு.

இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களில் ஒன்று திடீரென்று அடைத்துக்கொள்வது மாரடைப்பு. அடைத்த குழாய்க்குக் கீழே உள்ள தசைக்கு ஆக்ஸிஜன் போகாது. 20 நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தால் செல்கள் சாகத் தொடங்குகின்றன; அடுத்த சில மணி நேரத்தில் சாவு உள்ளிருந்து வெளியே பரவுகிறது. பெரிய மாரடைப்பில் 100 கோடி செல்கள்வரை போகலாம். வடம் பிடித்தவர்களில் கால்வாசிப் பேர் ஒரே நாளில் இல்லாமல் போவதற்குச் சமம்.

செத்த செல்களை உடம்பு அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தைத் தழும்பால் மூடுகிறது. தழும்பு என்பது கொலாஜன் என்ற நார்ப்பொருளால் ஆன கெட்டியான திசு. அறுந்த இடத்தில் வடத்தை முடிச்சுப் போட்டு வைத்ததுபோல. முடிச்சு இழுக்காது, ஆனால் வடம் பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். தழும்பை வெறும் எதிரியாகப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தழும்பு சரியாக உருவாகாவிட்டால் இதயச் சுவரே கிழிந்துபோகும், உயிர் போகும்.

முடிச்சு விழுந்த பிறகு மிச்சமிருப்பவர்கள் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. அவர்களும் களைத்துப்போகிறார்கள். மாதங்கள், வருடங்கள் போகப் போக இதய அறை பெருத்து, சுவர் மெலிந்து, இழுக்கும் வலு குறைகிறது. இதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் கிடையாது. உடம்புக்குப் போதுமான அளவு தள்ள முடியவில்லை என்று பொருள்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பது அந்த எண். நம் ஊரில் 'பம்பிங்' என்று சொல்வது இதைத்தான். ஆரோக்கியமான இதயத்திலேயே இது 100 ஆக இருக்காது. 55 முதல் 70 வரை இருப்பது இயல்பு. ஆகவே "பம்பிங் 50" என்று கேட்டதும் பாதி இதயம் போய்விட்டது என்று பதற வேண்டாம். 40க்குக் கீழே போனால்தான் தெளிவான குறைவு.

ஸ்டென்ட் வைத்தாயிற்றே, பைபாஸ் செய்தாயிற்றே, அப்புறம் என்ன என்று பலர் கேட்பார்கள். இரண்டுமே ரத்தப் பாதையைச் சரிசெய்கின்றன. இன்னும் சாகாத தசையைக் காப்பாற்றுகின்றன. ஏற்கெனவே செத்ததை அவை திரும்பக் கொண்டுவருவதில்லை. அதனால்தான் முதல் மணி நேரங்களுக்கு இவ்வளவு மதிப்பு. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாக அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது இதற்காகத்தான். இந்தக் கட்டுரையில் வரப்போகும் எந்த ஆராய்ச்சியும் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இணையாக இன்றைக்குத் தசையைக் காப்பாற்றுவதில்லை.

சுருக்கமாக: மாரடைப்பில் இழுக்கும் செல்கள் போகின்றன, அந்த இடத்தில் இழுக்காத தழும்பு வருகிறது. ஸ்டென்டும் பைபாஸும் மிச்சத்தைக் காக்கின்றன, போனதைத் தருவதில்லை.

## இதயம் தானாக ஏன் ஆறுவதில்லை?

தோலில் வெட்டுப்பட்டால் ஆறிவிடுகிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் வளர்ந்துவிடுகிறது. இதயத்தசை மட்டும் ஏன் இப்படி?

பிறந்த சில நாட்களிலேயே இதயத்தசை செல்கள் இரண்டாகப் பிரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. 2011இல் அமெரிக்காவில் டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள், பிறந்து ஒரு நாளான எலிக்குட்டியின் இதய நுனியை வெட்டிப் பார்த்தார்கள். அது தழும்பில்லாமல் வளர்ந்துவிட்டது. அதையே ஏழு நாளான குட்டியில் செய்தபோது வளரவில்லை, தழும்புதான் வந்தது. ஒரே வாரத்தில் கதவு சாத்திக்கொள்கிறது. வரிக்குதிரை மீனுக்கோ அந்தக் கதவு சாத்துவதே இல்லை. அதன் இதய அறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வளர்த்துக்கொள்கிறது என்று 2002இல் கண்டுபிடித்தார்கள்.

மனிதரில் இதை எப்படி அளப்பது? இங்கே ஓர் அற்புதமான ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியதால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரியின் அளவு ஏறியது. சோதனைகளைத் தடைசெய்த பிறகு படிப்படியாக இறங்கியது. ஒரு செல் பிறக்கும்போது அந்தந்த ஆண்டுக் காற்றின் கரி அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். ஆகவே இதயத்தசை செல்லின் டி.என்.ஏ.வில் கரியை அளந்தால் அது எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். சுவீடனில் யோனாஸ் ஃப்ரிசேன் குழு 2009இல் இதைச் செய்து காட்டியது. 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் செல்கள் புதிதாகின்றன. 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது. வாழ்நாள் முழுவதும் கூட்டினாலும் பாதி செல்கள்கூடப் புதிதாவதில்லை.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது, கெட்ட செய்தியும் இருக்கிறது. இதயத்தசையால் புதிதாகவே முடியாது என்ற பழைய கருத்து தவறு. ஆனால் கால்வாசித் தசை ஒரே நாளில் போனால், ஆண்டுக்கு 1 சதவீத வேகம் எதற்கும் ஆகாது. வெளியிலிருந்து உதவி வேண்டும்.

## எலும்பு மஜ்ஜை: 20 ஆண்டுப் பாடம்

ஸ்டெம் செல் என்பது இன்னும் எந்த வேலைக்கும் முழுதாகத் தேர்ந்துவிடாத செல். தன்னையே பெருக்கிக்கொள்ளும், தேவைப்படும்போது தேர்ந்த செல்லாகவும் மாறும். எலும்பு மஜ்ஜையில் உள்ளவை ரத்த செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள். ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை பல ஆண்டுகளாக உயிர் காக்கிறதென்றால் இவற்றால்தான்.

2001இல் நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. பியரோ அன்வெர்சா குழு எலிகளுக்குச் செயற்கையாக மாரடைப்பு உண்டாக்கி, மஜ்ஜை செல்களைச் செலுத்தியது. ஒன்பதே நாளில் சேதமான பகுதியில் 68 சதவீதத்தைப் புதுத் தசை நிரப்பிவிட்டது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மருத்துவ உலகமே எழுந்து உட்கார்ந்தது. மஜ்ஜை எடுப்பது எளிது, நோயாளியின் சொந்த செல், உடம்பு நிராகரிக்காது. இதைவிட என்ன வேண்டும்? அதே ஆண்டு ஜெர்மனியில் மனிதர்களுக்கும் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

2004இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதே சோதனையை இன்னும் கறாராகச் செய்தன. அதில் ஒன்று சார்லஸ் மரியின் குழு. மஜ்ஜை செல் இதயத்தசையாக மாறினால் மட்டும் ஓர் அடையாளம் தெரியும்படி மரபணுவில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அடையாளம் தெரியவே இல்லை. மஜ்ஜை செல் இதயத்துக்குள் போனாலும் ரத்த செல்லாகத்தான் இருக்கிறது, தசையாவதில்லை.

அதற்குள் மனித ஆய்வுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜெர்மனியில் 204 பேரை வைத்து நடந்து 2006இல் வெளியான ஆய்வில், செல் கொடுத்தவர்களுக்கு இ.எஃப். 5.5 புள்ளி கூடியது. வெற்றுத் திரவம் கொடுத்தவர்களுக்கு 3 புள்ளி கூடியது. வித்தியாசம் இரண்டரைப் புள்ளி. புதுத் தசை வளர்ந்திருந்தால் இப்படியா இருக்கும்? சிலவற்றில் இப்படி ஒரு சிறிய லாபம், சிலவற்றில் அதுவும் இல்லை. செல் கொடுத்தால் ஆயுள் கூடுகிறதா என்று தீர்மானமாகப் பார்க்க ஐரோப்பாவில் 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வில் 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020இல் முடிவு சொல்ல முடியாமலே முடிந்தது.

இதயத்துக்குள்ளேயே 'சி-கிட்' என்ற அடையாளம் தாங்கிய ஸ்டெம் செல்கள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றைப் பெருக்கிச் செலுத்தலாம் என்பதும் அன்வெர்சா குழுவின் அடுத்த கூற்று. 2014இல் ஜெஃப்ரி மோல்கென்டின் குழு எலிகளில் அந்தச் செல்களின் சந்ததியைத் தடம் பிடித்துப் பார்த்தபோது, அவற்றிலிருந்து இதயத்தசை பிறப்பது கணக்கில் சேர்க்க முடியாத அளவு அரிது என்று தெரிந்தது. 2018இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதைச் சேர்ந்த பிரிகாம் மருத்துவமனையும் அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் பொய்யான தரவுகள் இருப்பதாகச் சொல்லி, அவற்றைத் திரும்பப் பெறும்படி இதழ்களைக் கேட்டுக்கொண்டன. அந்தக் கட்டுரைகளை நம்பி எத்தனை ஆய்வகங்கள், எத்தனை கோடி டாலர், எத்தனை நோயாளிகள் தங்கள் இதயத்தில் ஊசி வாங்கிக்கொண்டார்கள் என்று நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

சரி, அந்தச் சிறிய லாபமாவது எங்கிருந்து வந்தது? முதல் விளக்கம் இது: செலுத்திய செல்களில் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே ரத்தத்தோடு அடித்துக்கொண்டு போய்விடுகிறது, தங்கியவையும் சில நாள், சில வாரங்களில் சாகின்றன. ஆனால் இருக்கிறவரை அவை சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவை பக்கத்திலுள்ள தசைக்கும் ரத்தக் குழாய்க்கும் உதவுகின்றன. தேர் உவமையில் சொன்னால், வந்தவர்கள் வடம் பிடிக்கவில்லை, இழுப்பவர்களுக்கு நீர்மோர் கொடுத்துவிட்டுப் போனார்கள். மோர் கொடுப்பது நல்லதுதான். ஆள் சேர்ந்துவிட்டது என்று சொல்வதுதான் தப்பு.

2019இல் மோல்கென்டின் குழு இன்னொரு படி மேலே போனது. எலி இதயத்தில் உயிருள்ள ஸ்டெம் செல்களைச் செலுத்தியபோது கிடைத்த அதே பலன், உறையவைத்துக் கொன்ற செல்களைச் செலுத்தியபோதும் கிடைத்தது. செல்லே இல்லாமல், நோயெதிர்ப்பைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தியபோதும் கிடைத்தது. உடம்பின் துப்புரவு வேலை செய்யும் மாக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்கள் ஓடிவந்து, தழும்பை நல்லபடியாகச் சீரமைத்ததுதான் காரணம். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் பலன் மறைந்துவிட்டது. 20 ஆண்டு வேலையைத் தலைகீழாகப் புரட்டிய முடிவு இது. இருந்தாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். தழும்பைச் சீராக்குவதும் ஒரு சிகிச்சையாக வளரலாம்; அதற்கு ஸ்டெம் செல் என்று பேர் வைக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: எலும்பு மஜ்ஜை செல் இதயத்தசையாக மாறாது. அதனால் வந்த பலன் சிறியது, மறைமுகமானது. இன்றும் விளம்பரங்களில் வரும் 'இதய ஸ்டெம் செல் சிகிச்சை' பெரும்பாலும் மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி செல்களை வைத்துத்தான்.

## உண்மையான இதயத்தசை செல்லைச் செய்து வைப்பது

ஆள்தான் வேண்டும் என்றால், வடம் பிடிக்கத் தெரிந்த ஆளைக் கொண்டுவர வேண்டும். இதற்கு வழி திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. தோல் செல்லில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் தொடக்க நிலைக்குத் திருப்ப முடியும் என்று 2006இல் எலியிலும் 2007இல் மனித செல்லிலும் காட்டினார். 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படித் திருப்பிய செல்லை 'ஐ.பி.எஸ். செல்' என்கிறார்கள். அதிலிருந்து எந்த வகைச் செல்லையும் உருவாக்கலாம். இதயத்தசையாக வளர்த்தால் கண்ணாடித் தட்டிலேயே துடிக்கும். இங்கே ஐயத்துக்கு இடமே இல்லை. இவை நிஜமான இதயத்தசை செல்கள்.

அப்படியென்றால் செலுத்திவிட வேண்டியதுதானே? இங்கேதான் ஒரே நேரத்தில் இழுப்பது என்ற விஷயம் முன்னால் வந்து நிற்கிறது.

சியாட்டிலில் சார்லஸ் மரியின் குழு 2014இல் மாரடைப்பு உண்டாக்கிய குரங்குகளின் இதயத்தில், மனிதக் கரு ஸ்டெம் செல்லிலிருந்து செய்த 100 கோடி இதயத்தசை செல்களைச் செலுத்தியது. செல்கள் ஒட்டிக்கொண்டன, குரங்கின் இதயத்தோடு மின்சாரத் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு சேர்ந்து துடித்தன. 2018இல் வெளியான அடுத்த ஆய்வில் இ.எஃப். நான்கு வாரத்தில் சுமார் 10 புள்ளி ஏறியது. மஜ்ஜையின் இரண்டரைப் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் முதல் சில வாரங்களில் குரங்குகளுக்கு ஆபத்தான துடிப்புத் தடுமாற்றம் வந்தது. காரணம், ஆய்வகத்தில் பிறந்த செல்கள் குழந்தைப் பருவத்தில் இருக்கின்றன. சமிக்ஞைக்குக் காத்திருக்காமல் தாங்களாகவே துடிக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. புதிதாக வந்தவர்கள் முழக்கத்தைக் கேட்காமல் தாங்களே ஒரு முழக்கம் போட்டு இழுத்தால் வரிசை கலைந்துபோகும். இதயத்தில் அப்படிக் கலைவது உயிருக்கே ஆபத்து.

இதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், பாரிஸில் ஃபிலிப் மெனாஷே ஒரு நோயாளியின் தொடைத் தசையிலிருந்து எடுத்த இளம் செல்களை இதயத்தில் வைத்தார். கால் தசை இதயத்தோடு மின்சாரத் தொடர்பு வைத்துக்கொள்ளாது. அங்கேயும் துடிப்புத் தடுமாற்றம்தான் பெரிய கவலையாக இருந்தது. செல் கிடைப்பதைவிட, அது ஊரோடு ஒத்து இழுப்பதுதான் கடினம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்று மூன்று வழிகளில் முயற்சி நடக்கிறது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் யோஷிகி சவாவின் குழு சுமார் 10 கோடி செல்களை மெல்லிய தாள்போல வளர்த்து இதயத்தின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. முதல் நோயாளிக்கு 2020 ஜனவரியில் செய்தார்கள். அந்தத் தாளும் முக்கியமாகச் சுரப்புகளின் மூலம்தான் உதவும் என்பது அவர்களே சொல்லும் விளக்கம். செல் இதயத்தசையாகவே இருந்தாலும் வேலை நீர்மோர் வகைதான்.

டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறையில், செல்களைச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி, பைபாஸ் செய்யும்போது தசைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். இந்தக் குழு ஒரு பெரிய ஆபத்துக்கு அழகான தீர்வு கண்டது. ஐ.பி.எஸ். செல்களில் சில மாறாமல் அப்படியே மிஞ்சினால் உடம்புக்குள் கட்டியாக வளரலாம். அந்தச் செல்களுக்குச் சர்க்கரை கட்டாயம் வேண்டும். இதயத்தசை செல்களோ லாக்டேட் என்ற பொருளை வைத்தே பிழைத்துக்கொள்ளும். ஆகவே சர்க்கரை இல்லாத, லாக்டேட் உள்ள திரவத்தில் போட்டால் வேண்டாதவை பட்டினியால் சாகின்றன, வேண்டியவை மட்டும் மிஞ்சுகின்றன.

மூன்றாவது, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வோல்ஃப்ராம்-ஹூபெர்ட்டஸ் சிம்மர்மன் குழு. இதயத்தசை செல்களையும் துணைச் செல்களையும் கொலாஜனில் கலந்து, துடிக்கிற தசைத் துண்டாகவே வளர்த்து, இதயத்தின் மேல் தைக்கிறார்கள். 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில், கடுமையான இதயச் செயலிழப்புள்ள 46 வயதுப் பெண்ணுக்கு 40 கோடி செல்கள் கொண்ட ஒட்டு வைத்ததை விவரித்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தைச் சோதித்தபோது, ஒட்டு உயிரோடு இருந்தது, அதற்குள் ரத்தக் குழாய்களும் வளர்ந்திருந்தன. ஒருவரின் இதயத்தை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. என்றாலும், வைத்த தசை மனித இதயத்தில் மாதக்கணக்கில் தங்கியதற்குக் கண்ணால் பார்த்த சாட்சி அது. எனக்கு இந்தத் துறையில் மிகுந்த நம்பிக்கை தரும் முடிவு இதுதான்.

விலையும் உண்டு. இந்த முறைகளில் வைப்பது பெரும்பாலும் வேறொருவரின் செல்லிலிருந்து செய்த தசை. அதனால் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்போல நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

## மரபணு சிகிச்சை எங்கே வருகிறது?

மரபணு என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. மரபணு சிகிச்சை என்றால் அந்தக் குறிப்பைச் செல்லுக்குள் கொண்டுபோய்க் கொடுப்பது, அல்லது இருக்கும் குறிப்பை அடக்குவது, திருத்துவது. கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். நோய் உண்டாக்காத ஏ.ஏ.வி. என்ற சின்ன வைரஸ்தான் அதிகம் பயன்படும் வண்டி. அதன் சொந்த மரபணுவை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்து அனுப்புகிறார்கள்.

இங்கேயும் மூன்று வேலைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தெம்பூட்டும் வகைக்கு உதாரணம் 'செர்கா-2ஏ'. தசை ஒவ்வொரு முறை சுருங்கித் தளரவும் கால்சியம் உள்ளே வெளியே போய்வர வேண்டும். அதைத் திரும்ப இறைக்கும் புரதம்தான் இது. பலவீனமான இதயத்தில் குறைந்துவிடுகிறது. அதன் மரபணுவைக் கொடுத்தால் என்ன? 250 பேரிடம் செய்த பெரிய ஆய்வு 2015இல் பலனில்லை என்று முடிந்தது. யோசனை தவறு என்று சொல்வதைவிட, வண்டி போய்ச் சேரவில்லை என்று சொல்வதுதான் பொருந்தும்: இதயத் திசுவைச் சோதித்தபோது மரபணு மிகக் குறைவாகவே அங்கே இருந்தது.

உள்ளிருப்பதை மாற்றும் வகைதான் மலைக்க வைக்கிறது. தழும்பைக் கட்டும் செல்களுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பேர். சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டன் நிறுவனத்தில் தீபக் ஸ்ரீவஸ்தவா குழு மூன்று மரபணுக்களைக் கொடுத்து அவற்றை நேரடியாக இதயத்தசை போன்ற செல்லாக மாற்றியது. 2010இல் தட்டில், 2012இல் உயிருள்ள எலியின் இதயத்துக்குள்ளேயே. முடிச்சு இருந்த இடத்திலேயே ஆள் முளைப்பதற்குச் சமம். ஆனால் மாறும் செல்களின் எண்ணிக்கை குறைவு. பெரிய விலங்குகளிலும் மனிதரிலும் நிரூபிக்க வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

இன்னொரு யோசனை, மிச்சமிருக்கும் தசை செல்களையே பிரியவைப்பது. பிறந்த வாரத்தில் சாத்திய கதவைத் திரும்பத் திறப்பது. இத்தாலியில் மவுரோ ஜாக்கா குழு, செல் பிரிவதைத் தூண்டும் 'மிர்-199ஏ' என்ற சிறு ஆர்.என்.ஏ.வின் மரபணுவை ஏ.ஏ.வி. வண்டியில் வைத்து, மாரடைப்பு வந்த பன்றிகளுக்குக் கொடுத்தது. 2019இல் வெளியான முடிவில், ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியிருந்தது, இதயம் வலுவாகத் துடித்தது. அதற்கப்புறம் பெரும்பாலான பன்றிகள் துடிப்புத் தடுமாறித் திடீரென்று செத்தன. வண்டியில் போன மரபணுவை நிறுத்த வழியில்லை. செல்கள் பிரிவதும் நிற்கவில்லை. பிரிந்துகொண்டே இருக்கும் செல், தேர்ந்த தசையாக இருக்காது.

இந்த ஒரே ஆய்வு இரண்டையும் காட்டிவிட்டது. பெரிய விலங்கின் இதயத்தை உள்ளிருந்தே வளர்க்க முடியும். தொடங்கினால் நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இப்போது கவனம் எம்.ஆர்.என்.ஏ. பக்கம் திரும்பியிருக்கிறது. கொரோனா தடுப்பூசியில் நாம் பார்த்த அதே பொருள்தான். குறிப்பைச் சில நாள் மட்டும் கொடுத்துவிட்டுத் தானாகவே சிதைந்துபோகும். புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதத்துக்கான எம்.ஆர்.என்.ஏ.வை, பைபாஸ் செய்துகொள்பவர்களின் இதயத்தில் செலுத்தும் சிறிய ஆய்வு ஒன்றும் நடந்திருக்கிறது. பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை என்பதே அதில் கிடைத்த முக்கிய விடை. அடுத்த கட்டத்துக்குப் போக அது போதும், நோயாளிக்கு எழுதிக்கொடுக்கப் போதாது.

செல்லும் மரபணுவும் சேரும் இடமும் உண்டு. சியாட்டில் குழு 2023இல் செலுத்தவேண்டிய செல்லின் மரபணுக்களையே முன்கூட்டித் திருத்தியது. தானாகத் துடிக்கவைக்கும் மூன்று மரபணுக்களை நீக்கி, அமைதியாகக் காத்திருக்கச் செய்யும் ஒன்றைக் கூட்டியது. அந்தச் செல்கள் சமிக்ஞை வந்தால் சுருங்கும், வராவிட்டால் சும்மா இருக்கும். பன்றிகளில் துடிப்புத் தடுமாற்றம் வராமல் இவை ஒட்டிக்கொண்டன. முழக்கத்தைக் கேட்டு இழுக்கத் தெரிந்த ஆளைச் செய்துவிட்டார்கள்.

தொகுத்துச் சொன்னால்: மரபணு சிகிச்சையில் யோசனைகள் வலுவானவை. சரியான செல்லுக்குப் போய்ச் சேர்வதும், சரியான நேரத்தில் நிற்பதும்தான் இன்னும் கைவராதவை.

## யாராவது இந்தச் சிகிச்சை தருகிறேன் என்று சொன்னால்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, ரத்தம் தொடர்பான சில நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்றவை மட்டும்தான் நிறுவப்பட்ட சிகிச்சை. இதயம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் செய்வதெல்லாம் ஆய்வு; முறையான அனுமதியோடு, ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும்.

ஆகவே யாராவது இதய ஸ்டெம் செல் சிகிச்சை என்று சொன்னால் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் செல்? மஜ்ஜையா, கொழுப்பா, தொப்புள்கொடியா, இல்லை ஐ.பி.எஸ். செல்லிலிருந்து செய்த இதயத்தசையா? அது தசையாகும் என்கிறீர்களா, தசைக்கு உதவும் என்கிறீர்களா? சிகிச்சைக்குப் பிறகு துடிப்புத் தடுமாற்றத்தை எத்தனை நாள் கண்காணிப்பீர்கள்? வெற்று ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்ட முடிவு இருக்கிறதா? இ.எஃப். நாலைந்து புள்ளி கூடியது என்று ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு முறை எக்கோ எடுத்தாலே அந்த அளவு வித்தியாசம் வரலாம். மாரடைப்புக்குப் பிறகு முதல் சில மாதங்களில் மருந்தாலேயே இதயம் ஓரளவு தேறுவதும் உண்டு. ஏற்கெனவே கொடுத்திருக்கும் மாத்திரைகளை இந்தச் சிகிச்சையை நம்பி நிறுத்தவே கூடாது. இதயச் செயலிழப்பில் ஆயுளை நீட்டுவதாக நிரூபிக்கப்பட்டவை அந்த மாத்திரைகள்தான்.

இன்னும் ஒன்றையும் கேளுங்கள்: இதற்கு எவ்வளவு பணம்? இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அது இணையத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். முறையான ஆய்வில் சேருகிறவரிடம் சோதிக்கப்படும் செல்லுக்கு விலை வாங்கக் கூடாது.